அசெம்பிளி மொழிக்கு எந்தப் புத்தகம்? புதுமை ஓர் அளவுகோல் அல்ல

அசெம்பிளி மொழி கற்க எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்பவருக்கு இன்று கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மடிக்கணினியில் எந்த நுண்செயலி இருக்கிறதோ அதற்கு வந்துள்ள மிகப் புதிய புத்தகத்தை வாங்க வேண்டும். 8085, 6502, இசட்80 போன்ற சில்லுகளின் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குரியவை. சீனியர் மாணவர்களும் சொல்கிறார்கள், மென்பொருள் துறையில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், பாடத்திட்டத்தைக் குறை சொல்பவர்களும் சொல்கிறார்கள். யாரும் இனி தயாரிக்காத இயந்திரத்தைப் படித்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதாகவே படுகிறது.

நிரல் எழுதுவதில் தேர்ந்து, இரண்டாவது மூன்றாவது நுண்செயலிக்குப் போகிறவருக்கு அந்த அறிவுரை பொருந்தும். முதல் புத்தகம் தேடுபவருக்குப் பொருந்தாது. பலர் ஐம்பது பக்கம் தாண்டாமல் அசெம்பிளியையே கைவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சில்லு எந்த ஆண்டில் பிறந்தது என்பது முதல் புத்தகத்துக்கு அளவுகோல் ஆகாது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கற்பவர் தாளில் எழுதி, பிறகு ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க அந்தப் புத்தகம் இடம் தருகிறதா என்பதுதான் அளவுகோல்.

அசெம்பிளி கற்பது என்றால் கட்டளைப் பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைப்பதிலிருந்தே பிழை தொடங்குகிறது. கூட்டல், கழித்தல், நகர்த்தல், ஒப்பிடல், தாவல் ஆகியவை எல்லா நுண்செயலிகளிலும் உண்டு, பெயர்கள்தான் மாறும். கற்க வேண்டியது வேறு. ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது, எந்த ஃபிளாக் மாறியது, எது மாறவில்லை, ஸ்டாக் எங்கே நிற்கிறது, அடுத்த கட்டளை எந்த முகவரியில் இருக்கிறது என்பவற்றை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கும் பழக்கம் அது. 8085இல் இந்த நிலை முழுவதும் அரைப்பக்கத் தாளில் அடங்கும்: ஏழு 8-பிட் ரெஜிஸ்டர்கள், ஐந்து ஃபிளாக்குகள், 16-பிட் ஸ்டாக் பாயிண்டர், 16-பிட் புரோகிராம் கவுண்டர். 6502இல் இதைவிடக் குறைவு: ஒரு அக்குமுலேட்டர், இரண்டு இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள், 8-பிட் ஸ்டாக் பாயிண்டர், ஃபிளாக்குகள், புரோகிராம் கவுண்டர். இன்றைய 64-பிட் இன்டெல், ஏஎம்டி நுண்செயலியில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் மட்டும் பதினாறு. ஒவ்வொன்றும் 64 பிட். அவற்றோடு வெக்டர் ரெஜிஸ்டர்களும் சேர்கின்றன. தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அங்கே முதல் நாளே முறிந்துபோகும்.

இந்தப் பழக்கம் ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு சிறிய நிரல் காட்டும். 8085இல் 500 பைட்டுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். 500 என்ற எண் 8 பிட்டில் அடங்காது. ஆகவே கற்பவர் பி, சி இரண்டையும் இணைத்து 16-பிட் எண்ணியாக வைக்கிறார். எச்எல் காட்டும் இடத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்கிறார், டிஇ காட்டும் இடத்தில் வைக்கிறார், இரண்டு முகவரிகளையும் ஒன்று கூட்டுகிறார், டிசிஎக்ஸ் கட்டளையால் எண்ணியை ஒன்று குறைக்கிறார், பூஜ்யம் ஆகாவிட்டால் திரும்பத் தாவு என்று ஜேஎன்இசட் கட்டளையை எழுதுகிறார். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் நிரல் வேலை செய்யாது. 8 பிட்டைக் குறைக்கும் டிசிஆர் பூஜ்ய ஃபிளாக்கை மாற்றும்; 16 பிட்டைக் குறைக்கும் டிசிஎக்ஸ் மாற்றாது. அந்தச் சுழலில் உள்ள மற்றக் கட்டளைகளும் பூஜ்ய ஃபிளாக்கைத் தொடுவதில்லை. எனவே சுழலுக்கு முன்பு அந்த ஃபிளாக் எந்த நிலையில் இருந்ததோ அதை வைத்தே தாவல் முடிவாகிறது. ஒன்று, சுழல் ஒரே முறை ஓடி நின்றுவிடும். இல்லையேல் நிற்கவே நிற்காது. சியை அக்குமுலேட்டருக்கு நகர்த்தி, அதைப் பியோடு ஓஆர் செய்தால் தீர்ந்தது. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே விடை பூஜ்யம்.

நல்ல புத்தகத்தையும் சாதாரணப் புத்தகத்தையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான். சாதாரணப் புத்தகம் ஓஆர் சேர்த்த சரியான நிரலை மட்டும் அச்சிட்டு நகர்ந்துவிடும். மாணவர் அதை எழுதி மதிப்பெண் வாங்குவார். நல்ல புத்தகம் தவறிய நிரலை முதலில் வைத்து, ஃபிளாக் நிலைகளை வரிக்கு வரி எழுதவைத்து, எங்கே பிசகியது என்று அவரே கண்டுபிடிக்கவைக்கும். அப்படிக் கண்டவர் பிறகு எந்த நுண்செயலிக்குப் போனாலும் இந்தக் கட்டளை எந்த ஃபிளாக்கைத் தொடுகிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்பார். இன்டெல், ஏஎம்டியின் x86 வரிசையில் இன்க், டெக் கட்டளைகள் கேரி ஃபிளாக்கைத் தொடுவதில்லை. கழித்தலில் கடன் வாங்கினால் 8085இலும் x86இலும் கேரி ஒன்றாகிறது. 6502இலும் கைபேசிகளில் உள்ள ஆர்மிலும் பூஜ்யமாகிறது. இந்த வேறுபாடுகளைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிக்கொள்ள முதல் இயந்திரத்தை முழுதாக அறிந்திருக்க வேண்டும்.

புதிய நுண்செயலியின் புத்தகத்தில் பழைய சுமை இருக்காது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. 64-பிட் x86 புத்தகம் எதைத் திறந்தாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் ஆர்ஏஎக்ஸ், இஏஎக்ஸ், ஏஎக்ஸ், ஏஎச், ஏஎல் என்று ஒரே ரெஜிஸ்டருக்கு ஐந்து பெயர்கள் வந்துவிடும். 1978இன் 8086, 1985இன் 386, 2003இல் சில்லாக வந்த ஏஎம்டியின் 64-பிட் விரிவாக்கம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதால் வந்த அடுக்கு அது. இஏஎக்ஸில் எழுதினால் ஆர்ஏஎக்ஸின் மேல் 32 பிட்டுகள் பூஜ்யமாகிவிடும். ஏஎக்ஸிலோ ஏஎல்லிலோ எழுதினால் மேல் பிட்டுகள் அப்படியே நிற்கும். காரணம் தெரியாத தொடக்கநிலையாளருக்கு இது வெறும் மனப்பாட விதி. இன்றைய x86இல் உள்ள பேரிட்டி ஃபிளாக்கின் வேரைத் தேடினால் 1972இன் இன்டெல் 8008 வரை போக வேண்டும். புதிய சில்லின் புத்தகம் பழைய சில்லுகளையும் சேர்த்தே கற்பிக்கிறது, ஆனால் எது எதற்காக வந்தது என்று சொல்ல அதற்கு நேரம் இருப்பதில்லை. இன்டெல் வெளியிடும் மென்பொருள் உருவாக்குநர் கையேடு நாலாயிரம் பக்கங்களைத் தாண்டியது. அதை முதல் பாடநூலாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கட்டளையின் பெயரும் அது எங்கே உதவும் என்பதும் தெரிந்த பிறகு நுணுக்கம் பார்ப்பதற்கு அதைவிட நம்பத்தக்க துணை இல்லை. வரிசையாகப் படித்துக் கற்பதற்கு அது எழுதப்படவில்லை.

கட்டளைகள் பைட்டுகளாக மாறும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 8085இல் ஒரு கட்டளை ஒன்று முதல் மூன்று பைட்டுகள். ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்கு நகர்த்தும் கட்டளையின் எட்டு பிட்டுகளில் முதல் இரண்டு 01. அடுத்த மூன்று சேருமிடத்தின் எண். கடைசி மூன்று புறப்படும் இடத்தின் எண். ஏ என்பது 111, பி என்பது 000. ஆகவே பியை ஏவுக்கு நகர்த்தும் கட்டளை 01111000, அதாவது பதினாறடிமானத்தில் 78. நினைவகத்தைக் குறிக்கும் எண் 110. நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகர்த்துவது என்று பொருள்படக்கூடிய 01110110, அதாவது 76, வேறு வேலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது: அதுதான் எச்எல்டி, இயந்திரத்தை நிறுத்தும் கட்டளை. சில்லை வடிவமைத்தவர்களின் சிந்தனை இந்த ஓரிடத்தில் துலக்கமாகத் தெரிகிறது. இதைக் கண்ட மாணவருக்கு ஆப்கோட் அட்டவணை மிரட்டலாகத் தோன்றாது. 64-பிட் x86இல் கட்டளை, முன்னொட்டு பைட்டுகளையும் சேர்த்து, ஒன்று முதல் பதினைந்து பைட்டு வரை நீளலாம். கையால் பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்கு அங்கே வழி அரிது.

நேரக் கணக்கும் இப்படியே. 8085இல் ஒவ்வொரு கட்டளையும் எத்தனை கடிகாரத் துடிப்பு எடுக்கும் என்பது நிலையானது. சி ரெஜிஸ்டரில் 255ஐ வைக்க 7 துடிப்பு. ஒன்று குறைக்க 4. பூஜ்யமாகாவிட்டால் தாவுவதற்கு 10. தாவாமல் கீழே இறங்கும் கடைசி முறைக்கு 7. சுழல் முழுவதற்கும் 7 + 255 × 4 + 254 × 10 + 7 என்று 3,574 துடிப்புகள். 3 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 1.19 மில்லி விநாடி. கணக்கிட்டதை அலைகாட்டியில் அளந்தால் அதே எண் வரும். எழுதிய நிரலுக்கும் வெளியுலகில் நடப்பதற்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேராகக் காட்டும் பாடம் வேறில்லை. இன்றைய மடிக்கணினி நுண்செயலி கட்டளைகளை வரிசை மாற்றி இயக்குகிறது, தாவல்களை முன்கூட்டி ஊகிக்கிறது, கேஷில் தேடுகிறது. இடையில் இயங்குதளமும் குறுக்கிடுகிறது. அங்கே ஒரு சுழலின் நேரத்தை அளக்கலாம், முன்கூட்டித் தாளில் கணக்கிட முடியாது. இந்த நுட்பங்கள் மகத்தானவைதாம். ஆனால் வரிசையாக இயங்கும் ஒரு நுண்செயலியை முழுதாக அறிந்தவருக்குத்தான் வரிசை மாறுவதன் பொருள் புரியும்.

புதிய புத்தகமே பாதுகாப்பானது என்பவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. அசெம்பிளிப் புத்தகங்கள் பழசாவதற்குச் சில்லு காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் இயங்குதளமே காரணம். ரமேஷ் காவோங்கர் 8085 பற்றி எழுதிய பாடநூல் 1984இல் வெளிவந்தது. அதிலுள்ள நிரல்கள் எந்த இயங்குதளத்தையும் நம்பி எழுதப்பட்டவை அல்ல, ஆகவே இன்றும் சிமுலேட்டரில் அப்படியே ஓடும். ராட்னி சாக்ஸ், லான்ஸ் லெவெந்தால் ஆகியோர் 6502க்கும் இசட்80க்கும் எழுதிய புத்தகங்களிலும் பெரும்பகுதி இப்படியே. மாறாக, 8086 பற்றிய பல புத்தகங்கள் டாஸ் இயங்குதளத்தின் இன்டரப்ட் 21ஐ நம்பியவை. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் தேவை. ஜொனாதன் பார்ட்லெட்டின் ‘புரோகிராமிங் ஃப்ரம் த கிரவுண்ட் அப்’ இலவசமாகக் கிடைக்கும் அருமையான புத்தகம், எழுதியவரின் அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் அது 32-பிட் லினக்ஸுக்கானது. 64-பிட் லினக்ஸில் அதன் நிரல்களை ஓட்ட அசெம்பிளருக்கும் லிங்கருக்கும் 32-பிட் என்று தனியே சொல்ல வேண்டும். இதை அறியாத தொடக்கநிலையாளர் தன்னிடமே தவறு என்று நினைத்து மூடிவைத்துவிடுவார். ஜெஃப் டண்டிமனின் ‘அசெம்பிளி லாங்குவேஜ் ஸ்டெப்-பை-ஸ்டெப்’ 1992இல் டாஸுக்காக வந்தது, 2009 பதிப்பு லினக்ஸுக்கு மாறியது, 2023 பதிப்பு 64-பிட்டுக்கு மாறியது. கட்டளைகளுக்குப் போகுமுன் எண் முறைகளையும் நினைவகத்தையும் பொறுமையாக விளக்கும் அதன் பகுதிகள் பழைய பதிப்பிலும் வாடவில்லை. இயங்குதளத்தைத் தொட்ட பகுதிகளைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

புதிய இயந்திரத்தின் கடினத்தைத் தணிக்கச் சில ஆசிரியர்கள் கையாளும் வழிகளையும் நேர்மையாக மதிப்பிட வேண்டும். கிப் இர்வின் தம் x86 பாடநூலோடு ஒரு துணைநூலகத்தைத் தருகிறார்; எண்ணைத் திரையில் காட்ட அதிலுள்ள ஒரு ரொட்டீனை அழைத்தால் போதும். ரேண்டால் ஹைட் 2003இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் அசெம்பிளி லாங்குவேஜ்’ புத்தகத்தில், உயர்மொழி போன்ற கட்டமைப்புகள் கொண்ட எச்எல்ஏ என்ற தம் சொந்த அசெம்பிளரையே பயன்படுத்தினார். இரண்டும் மாணவர்மீது கொண்ட பரிவால் எழுந்தவை, பலருக்கு உதவியிருக்கின்றன. ஆனால் விலை உண்டு. எண்ணைப் பத்தால் வகுத்து, மீதியை எழுத்துக் குறியீடாக்கி, தலைகீழாக வரும் இலக்கங்களை ஸ்டாக்கில் போட்டுத் திருப்பி எடுப்பது அசெம்பிளியின் மிகச் சிறந்த முதல் பயிற்சிகளுள் ஒன்று. அதைத் துணைநூலகம் செய்துவிட்டால் மாணவர் கற்பது அழைக்கும் முறையை மட்டுமே. முதல் புத்தகத்துக்குச் சிறிய இயந்திரம் பொருத்தம் என்பதற்கு இந்த ஊன்றுகோல்களே சான்று. இயந்திரம் சிறியதாக இருந்தால் அவை தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பொதுக்கருத்து வேரூன்றியதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல ஆண்டுகளாகப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் 8085ஐப் பாடத்திட்டத்தில் சந்தித்தார்கள், பலர் வெறுத்தார்கள். ஆய்வகத்தில் டிரெய்னர் கிட்டின் முன் நின்று, ரெக்கார்டு நோட்டில் எழுதிய ஆப்கோடுகளை 4100 என்ற முகவரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி, எங்கோ ஓர் இலக்கம் தவறியதால் விடை வராமல், பக்கத்து மேசையின் விடையை எழுதிக்கொண்டு வெளியேறிய அனுபவம் பொதுவானது. கையில் இருந்ததோ தீர்த்த நிரல்கள் அடங்கிய கைடு. அதில் 78 ஏன் 78 என்ற விளக்கம் இல்லை, டிசிஎக்ஸ் ஏன் தவறுகிறது என்ற பேச்சே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கான கேள்வி பதில்கள் மட்டும் இருந்தன. அந்தச் சலிப்புக்கு 8085 பொறுப்பல்ல. அந்தக் கைடின் அச்சில் ஆர்ம் புத்தகம் எழுதினாலும் அதே சலிப்புத்தான் வரும். நல்ல பாடநூல் நூலக அலமாரியில் கிடக்க, தேர்வுக்கு மட்டும் உதவும் கைடைப் படித்துவிட்டுச் சில்லின்மேல் பழி போடுவது அநியாயம்.

வேலைவாய்ப்பு என்ற வாதம் மிக வலுவானது. அதற்கு முழுப் பதில் வேண்டும். பாதுகாப்பு ஆய்வு, கம்பைலர், இயங்குதளம், எம்பெடட் துறைகளில் நிறுவனங்கள் கேட்பது x86, ஆர்ம் அறிவைத்தான். 8085 அறிவு என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆனால் ஒரு மொழியின் கட்டளைகளைப் படிக்கத் தெரிவது வேலைக்குப் போதாது. கம்பைலர் தந்த வெளியீட்டைப் பார்த்து எந்த ரெஜிஸ்டரில் எந்த மாறி இருக்கிறது என்று ஊகிப்பது, கெட்டுப்போன ஸ்டாக்கைப் பார்த்து எந்த ரொட்டீன் கெடுத்தது என்று சொல்வது ஆகியவைதான் வேலை. சப்ரொட்டீனை அழைக்கும்போது திரும்பும் முகவரியின் மேல் பைட் முதலிலும் கீழ் பைட் அடுத்தும் ஸ்டாக்கில் இறங்குவதை 8085இல் கண்ணால் கண்டவர், எட்டு பைட் முகவரி இறங்குவதை விரைவில் பழகிக்கொள்வார். இன்று கைபேசிகள்தோறும் இருக்கும் ஆர்மின் வரலாறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனத்தில் 6502 கொண்ட பிபிசி மைக்ரோ கணினியை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் முதல் ஆர்ம் சில்லை வடிவமைத்தார்கள். அதன் கட்டளைத் தொகுதியை வில்சன் அந்த பிபிசி மைக்ரோவிலேயே பேசிக் மொழியில் ஒத்திகை பார்த்தார். 1985இல் சில்லு வந்தது. சிறிய இயந்திரம் ஒன்றைத் துளித்துளியாக அறிந்திருந்தது அவர்களைப் பின்தங்கவைக்கவில்லை.

பழையது எல்லாம் நல்லது என்பதும் இங்கே வாதம் அல்ல. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் புதியது. முதல் புத்தகத்துக்கு மிகவும் ஏற்றது. அதன் 32-பிட் அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகள்தான், ஒவ்வொன்றும் நான்கு பைட். உலாவியிலேயே ஓடும் வீனஸ் சிமுலேட்டரில் கட்டளை கட்டளையாக நகர்ந்து பார்க்கலாம். 2018இல் சென்னை ஐஐடியின் சக்தி குழு ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலான நுண்செயலியைச் சில்லாகவே கொண்டுவந்ததால், தமிழ்நாட்டு மாணவருக்கு அது அந்நியமான இயந்திரமும் அல்ல. ஒரு குறை மட்டும் உண்டு. அதில் ஃபிளாக்குகளே கிடையாது. கூட்டலில் கேரி வந்ததா என்பதை ஒப்பீட்டுக் கட்டளையால் கண்டறிய வேண்டும். ஆகவே ரிஸ்க்-ஃபைவில் தொடங்குபவர் ஃபிளாக் பாடத்தை இரண்டாவது நுண்செயலியில் கற்க வேண்டியிருக்கும். கேரியைத் தவிர்த்துக் கூட்டவே வழியில்லாத 6502இல் தொடங்குபவருக்கு அந்தப் பாடம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். எதில் தொடங்குவது என்பது கற்பவரின் விருப்பம். இரண்டுமே சரியான தேர்வுகள்.

கடையில் புத்தகத்தைப் புரட்டுபவர் பதிப்பாண்டைப் பார்ப்பதற்கு முன் சப்ரொட்டீன் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கலாம். அழைப்பதற்கு முன்பும் பின்பும் ஸ்டாக்கின் படம் முகவரிகளோடு வரையப்பட்டிருக்கிறதா? ரெஜிஸ்டர்களைக் காப்பாற்றாமல் அழைத்தால் என்ன கெடும் என்று ஓர் எடுத்துக்காட்டாவது இருக்கிறதா? கட்டளை விளக்கங்களில் மாறும் ஃபிளாக்குகளோடு மாறாதவையும் சொல்லப்பட்டிருக்கின்றனவா? பயிற்சிகள், கொடுத்த நிரலில் எண்ணை மாற்றுவதோடு நிற்காமல் புதிய நிரலை எழுதச் சொல்கின்றனவா? நிரல்களை ஓட்டச் சிமுலேட்டரோ போர்டோ இன்று கிடைக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் புத்தகம் முதல் புத்தகமாகாது.

64-பிட் x86 புத்தகம் இரண்டாவதாக வரும்போது சோதனை வேறு. அந்தப் புத்தகம் எந்த இயங்குதளத்துக்கு எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸில் முதல் ஆறு முழு எண் அளவுருக்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 ஆகியவற்றில் போகின்றன. விண்டோஸில் நான்கு மட்டும் ரெஜிஸ்டர்களில், அதுவும் ஆர்சிஎக்ஸிலிருந்து தொடங்கி. அழைப்பவர் ஸ்டாக்கில் 32 பைட் இடமும் ஒதுக்க வேண்டும். விண்டோஸ் புத்தகத்தை வாங்கி லினக்ஸில் ஓட்ட முயல்பவருக்கு முதல் ஃபங்ஷன் அழைப்பிலேயே நிரல் சரிந்துவிடும். அழைப்பின்போது ஸ்டாக் 16 பைட் எல்லையில் நிற்க வேண்டும் என்ற விதியை அந்தப் புத்தகம் காரணத்தோடு விளக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். விளக்கமில்லாமல் எட்டைக் கழி என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த புத்தகத்தைப் புரட்டலாம்.